சிறுவர் இதய வால்வுச் சிகிச்சை: மருத்துவமனையிலும் ஊரிலும்

திருப்பதியிலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப் பாதையில் சந்திரகிரி ஒரு சிறு நிலையமாகும். விஜயநகர அரசர்கள் தம் இறுதிக் காலத்தில் தலைநகராகக் கொண்ட கோட்டையையும் ராஜ மகாலையும் காண விழைவோர் அங்கு இறங்குவதுண்டு. அவ்வட்டாரத்து மக்களுக்கோ அப்பாதை நெடுங்காலமாக வேறொரு பயனையும் அளித்து வந்துள்ளது. மூச்சுத் திணறும் குழந்தையைத் தோளிற் சாய்த்துக்கொண்டு, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் அப்பாலுள்ள காட்பாடியில் இறங்கி, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடிச் சென்ற பெற்றோர் பலர். இன்று அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகம் 1993 முதல் இயங்கி வருகிறது. குழந்தைகளின் இதய நோய்களுக்கென்றே ஸ்ரீ பத்மாவதி இருதயாலயம் என்னும் மருத்துவமனையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2021 அக்டோபரில் அந்நகரிலேயே திறந்தது.

மருத்துவமனை அருகில் வந்துவிட்டது. எனினும் இதய வால்வு பழுதுற்ற குழந்தையின் கதை மருத்துவமனையில் தொடங்குவதுமில்லை, அங்கு முடிவதுமில்லை. அது பள்ளிக்கூடத்து வகுப்பறையில், பெரும்பாலும் ஒரு சாதாரணத் தொண்டை வலியில் தொடங்குகிறது. அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பயனைக் காக்கும் வேலையோ பத்து, பதினைந்து ஆண்டுகள், சில சமயம் ஆயுள் முழுவதும், ஊரிலேயே நடைபெற வேண்டியுள்ளது. ஆகவே இப்பாடம் அறுவை மருத்துவர்களுக்காக எழுதப்பட்டதன்று. அவர்கள் செய்த வேலை வீணாகாமற் காக்கக்கூடிய நிலையிலுள்ள சுகாதார ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எழுதப்பட்டது.

வால்வு செய்யும் வேலை

கிணற்றில் மோட்டார்ப் பம்பு வைத்திருப்போர் உறிஞ்சு குழாயின் அடியிற் பொருத்தும் ‘ஃபுட் வால்வை’ அறிவர். தண்ணீரை மேலே செல்ல விட்டுக் கீழே திரும்பாமல் தடுப்பது அதன் வேலை. அது சரிவர மூடாவிடில் ஏறிய நீர் மீண்டும் கிணற்றில் விழும். சரிவரத் திறவாவிடில் மோட்டார் திணறும். இதயத்திலுள்ள நான்கு வால்வுகளுக்கும் இதுவே வேலையாகும். அவற்றிற்கு நேரும் கேடுகளும் இவ்விரண்டே. மூடாமையை வால்வுக் கசிவு என்றும், திறவாமையை வால்வுச் சுருக்கம் என்றும் கூறுவர். ஒரே வால்வில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

நால்வகை வால்வுகளுள் நமக்கு இங்கு முதன்மையானது மிட்ரல் வால்வு. நுரையீரலில் தூய்மையுற்ற இரத்தம் இடது மேலறைக்கு வந்து, அங்கிருந்து இடது கீழறைக்கு இறங்கும் வாயிலில் அது அமைந்துள்ளது. மெல்லிய இரண்டு இதழ்கள். அவற்றைக் குடைத்துணியின் விளிம்பைப் போல இழுத்துப் பிடிக்கும் நாண்கள். அந்நாண்களைக் கீழறைச் சுவரோடு பிணைக்கும் சிறு தசைகள். பத்து வயதுக் குழந்தையின் இதயம் நிமிடத்திற்கு 90 முறை துடிப்பதாகக் கொண்டால், இவ்விதழ்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 1,30,000 முறை திறந்து மூடுகின்றன. மனிதன் செய்த எந்தப் பொறிக்கும் இது கடினமான வேலையே. வளர்ந்தோரிடம் நன்கு திறந்த மிட்ரல் வாயிலின் பரப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். அது ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் அளவிற்குச் சுருங்கினால் கடுமையான சுருக்கம் எனக் கருதப்படும். அப்போது இரத்தம் பின்னே தேங்கி நுரையீரலில் நிறைகின்றது. குழந்தைக்கு மூச்சு வாங்குவது இதனாலேயே.

தொண்டையில் தொடங்கும் கேடு

பிறவியிலேயே வால்வு கோணலாக அமைந்து பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுட் பலர் பள்ளிக்கு வருமுன்பே அடையாளங் காணப்படுகின்றனர். நுரையீரல் தமனி வால்வு பிறவியிலேயே ஒட்டியிருப்பின், இன்று பெரும்பாலும் கத்தியின்றி, பலூன் கொண்டே அதனைத் திறந்துவிடலாம். நம் நாட்டில் பள்ளி வயதில் வால்வைக் கெடுக்கும் நோய் வேறு. அது ருமாட்டிக் காய்ச்சல். கீல்வாதக் காய்ச்சல் என்று பழைய நூல்கள் இதனைக் கூறின. அப்பெயரால் இது முதியோரின் மூட்டுவாதம் என்று மக்கள் மயங்குவதுண்டு. ஆயின் இது பெரிதும் 5 வயது முதல் 15 வயது வரையுள்ளோரின் நோயாகும்.

இதன் காரணம் ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி. அது தொண்டையிற் குடிபுகுந்து வலியும் காய்ச்சலும் உண்டாக்கும்; சில நாட்களில் அவை தாமே அடங்கியும் விடும். பெற்றோர் மறந்துவிடுவர், உடல் மறப்பதில்லை. அக்கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள்கள், கிருமியின் சில பகுதிகளைப் போன்ற அமைப்புடைய தன் சொந்த உறுப்புகளையே தாக்கத் தலைப்படுகின்றன. இரண்டு, மூன்று வாரம் கழித்து மூட்டுகள் வீங்குகின்றன. இன்று முழங்கால், நாளை கணுக்கால், மறுநாள் மணிக்கட்டு என வலி இடம் மாறுகிறது. மூட்டு வலி சுவடின்றி ஆறிவிடும். வால்வில் நேர்ந்த புண்ணோ தழும்பாகிறது. ஒவ்வொரு புதிய தொண்டை நோயும் புதிய தாக்குதலைக் கொண்டுவர, தழும்பின்மேல் தழும்பு ஏறி, இதழ்கள் தடித்து, அவற்றின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நாண்கள் குறுகுகின்றன.

எல்லாத் தொண்டை வலியும் இவ்வாறு முடிவதில்லை. பெரும்பாலானவை வைரசுகளால் வருபவை. ஆயினும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை நோய் தோன்றிய ஒன்பது நாட்களுக்குள் பெனிசிலின் சிகிச்சை தொடங்கினால் ருமாட்டிக் காய்ச்சல் வாராமல் தடுக்கலாம் என்பது நன்கு நிலைநாட்டப்பட்ட உண்மை. சளியும் இருமலும் இன்றிக் காய்ச்சலுடன் விழுங்க முடியாத தொண்டை வலியும், கழுத்தில் நெரிகட்டியும் காணும் குழந்தையை வீட்டு வைத்தியத்தில் வைத்துக்கொள்ளாமல் ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும்.

ஆசிரியர்கள் சிறப்பாக அறிய வேண்டிய அறிகுறி ஒன்றுண்டு. சில குழந்தைகளுக்கு, தொண்டை நோய் வந்து பல வாரங்களோ சில மாதங்களோ கழிந்தபின், கைகால்களும் முகமும் தம் வசமின்றித் துடிக்கும். அழகாக எழுதி வந்த சிறுமியின் கையெழுத்து திடீரெனக் கிறுக்கலாகும், தட்டு கைநழுவும், காரணமின்றி அழுவாள், முகம் சுளிப்பாள். குறும்பு என்று எண்ணி அவளைத் தண்டிப்பது பள்ளிகளில் நடந்துவருவதே. இது ருமாட்டிக் காய்ச்சல் மூளையைத் தொட்டதன் அடையாளம். இத்தகைய குழந்தைகள் பலருக்கு இதயத்திலும் புண் இருப்பதால், துடிப்பு தானே அடங்கிவிட்டாலும் இதயப் பரிசோதனை இன்றியமையாதது. வால்வு கெட்ட பின்னர்த் தோன்றும் குறிகள் வேறு: உடற்பயிற்சியில் நடுவே உட்கார்ந்துவிடுதல், மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குதல், இரவில் படுத்தால் இருமல் வந்து எழுந்து உட்காருதல், எடை ஏறாமை, பாத வீக்கம்.

மேலை நாடுகளில் மிட்ரல் சுருக்கம் நடுவயதினரின் நோயாகவே பாடநூல்களில் எழுதப்பட்டிருந்தது. முதற் காய்ச்சலுக்கும் கடுஞ் சுருக்கத்திற்கும் இடையே இருபது, முப்பது ஆண்டுகள் கழியும் என்பது அங்குள்ள அனுபவம். புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சுஜாய் ராயும், ஆந்திரத்தில் பிறந்த நோயியல் அறிஞர் வி. ராமலிங்கசுவாமியும், அவர்தம் கூட்டாளிகளும் 1963இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இக்கருத்தை மாற்றியது. இருபது வயது நிரம்பாத இந்தியச் சிறாரிடமும் கடுமையான மிட்ரல் சுருக்கம் காணப்படுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். நெருக்கமான வீடுகளில் கிருமி மீண்டும் மீண்டும் தொற்றுவதும், முதல் நோயே கண்டறியப்படாமற் போவதும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. வால்வு அறுவையை நாடும் குழந்தைகள் நம் நாட்டில் இத்தனை பேர் இருப்பதன் வரலாறு இதுவே. இந்நோயுடன் உலகெங்கும் வாழ்வோர் சுமார் ஐந்தரைக் கோடிப் பேர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

விரல், பலூன், கத்தி

ஒட்டிய இதழ்களைப் பிரித்துவிட்டால் வாயில் திறக்கும் என்பது எளிய எண்ணமே. ஆயினும் துடிக்கும் இதயத்தினுள் கருவியைச் செலுத்த மருத்துவ உலகம் நெடுநாள் துணியவில்லை. 1923இல் பாஸ்டன் நகரில் எலியட் கட்லர் என்பார் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மிட்ரல் வால்வைச் சிறு கத்தி கொண்டு திறந்தார். அவள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். அடுத்து வந்த நோயாளிகள் இறக்கவே அம்முயற்சி கைவிடப்பட்டது. 1925இல் இலண்டனில் ஹென்றி சவுட்டர் இடது மேலறையின் செவி போன்ற மூலை வழியாகத் தம் விரலையே உட்செலுத்தி ஓர் இளம்பெண்ணின் வால்வை விரித்தார். அப்பெண் பிழைத்தாள். ஆனால் சவுட்டரிடம் இரண்டாவது நோயாளி எவரையும் பிற மருத்துவர்கள் அனுப்பவில்லை! நோய் இதயத் தசையில்தான், வால்வைத் திறந்து பயனில்லை என்பது அக்காலக் கொள்கை. ஒரு கொள்கையின் பொருட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1948இல் அமெரிக்காவில் சார்லஸ் பெய்லியும் டுவைட் ஹார்க்கனும், இலண்டனில் ரசல் பிராக்கும் அதே வழியை மீண்டும் மேற்கொண்டு வெற்றி கண்டனர்.

நம் வட்டாரத்திற்கு இது வர அதிக காலமாகவில்லை. வேலூரில் 1940களின் இறுதியில் வந்த ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் மார்பறுவைத் துறையை நிறுவினார். இந்திய மருத்துவர்கள் பலர் அங்குப் பயிற்சி பெற்றனர். இதயத்தை நிறுத்தாமலே, விலா எலும்புகளுக்கிடையே திறந்து, விரலாலும் விரிக்கும் கருவியாலும் மிட்ரல் வால்வைப் பிரிக்கும் ‘மூடிய முறை’ அங்குப் பல்லாயிரவர்க்குப் பயன்பட்டது. வேலூர் மருத்துவர்கள் 1983இல் வெளியிட்ட அறிக்கை 3,724 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்துரைத்தது. இத்துறையில் உலகிலேயே பெரிய தொகுப்புகளுள் அது ஒன்றாகும். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாத இம்முறை ஏழை நாட்டிற்கு ஏற்றதாயிருந்தது. இதனைப் பழைய முறை என்று இக்காலத்தார் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அதனாற் பிழைத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய்மார்கள் எத்தனையோ பேர்.

இன்று அவ்விடத்தைப் பலூன் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே 1982இல் தொடங்கி 1984இல் வெளியிட்ட முறை இது. தொடையிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் வலது மேலறையிலிருந்து நடுச்சுவரைத் துளைத்து இடது மேலறைக்குச் சென்று, சுருங்கிய வாயிலில் பலூனை வைத்து ஊதுகின்றனர். ஒட்டிய ஓரங்கள் பிரிந்துவிடும். மார்பில் தையல் இல்லை. குழந்தை சில நாட்களில் வீடு திரும்பும். ஆயின் இதற்கு வால்வு ஓரளவு மென்மையாகவும், கசிவு மிகாமலும் இருத்தல் வேண்டும். இறுகித் தடித்த வால்வும், கசியும் வால்வும் பலூனுக்கு அடங்கா. சிறு வயதினரிடம் ருமாட்டிக் நோய் சுருக்கத்தைவிடக் கசிவையே அதிகம் உண்டாக்குகிறது என்பதை இங்கு நினைவிற் கொள்க.

அத்தகைய குழந்தைகளுக்கு இதயத்தைத் திறந்து செய்யும் அறுவையே வழி. இதற்கு இதயத்தை நிறுத்த வேண்டும். அந்நேரத்தில் இரத்தத்தை வெளியே கொணர்ந்து, பிராண வாயு ஊட்டி, மீண்டும் உடலுக்கு அனுப்பும் இதய–நுரையீரல் இயந்திரம் வேண்டும். ஜான் கிப்பன் 1953இல் அதனை மனிதரிடம் வெற்றியுடன் பயன்படுத்தினார். 1960களின் தொடக்கத்தில் வேலூரிலும் பம்பாயிலும் அவ்வகை அறுவை நடைபெறலாயிற்று.

வளரும் உடலுக்கு வளராத வால்வு

திறந்த இதயத்தின் முன் நிற்கும் மருத்துவர்க்கு இரண்டு வழிகள் உள்ளன. பழுதுற்ற வால்வைச் செப்பனிடலாம். அல்லது அதனை வெட்டியெடுத்துச் செயற்கை வால்வைப் பொருத்தலாம். பெற்றோர் பலர், “பழையதை எடுத்துவிட்டுப் புதியதே வைத்துவிடுங்கள், ஐயா” என்று வேண்டுவதுண்டு. உடைந்த பாகத்தை மாற்றினால் பொறி புதிதாகும் என்பது உலக வழக்கல்லவா? குழந்தையிடம் இது பெரும்பாலும் தவறு. காரணங்களை ஊழியர்கள் பெற்றோர்க்கு விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, செயற்கை வால்வு வளராது. எட்டு வயதிற் பொருத்திய வளையம் பதினெட்டு வயதின் இதயத்திற்குச் சிறியதாகிவிடும்; மறுபடியும் மார்பைத் திறக்க வேண்டிவரும். உலோகத்தாலும் கரிப்பொருளாலும் ஆன வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும் வலிமையுடையது. ஆயின் அதன்மேல் இரத்தம் உறைந்து கட்டியாகும். அதனைத் தடுக்க வார்ஃபரின் போன்ற மாத்திரையை நாள் தவறாமல் ஆயுள் முழுவதும் உண்ண வேண்டும். பசு, பன்றி ஆகியவற்றின் திசுவாற் செய்த வால்வுக்கு அம்மாத்திரை நெடுநாள் வேண்டாம். ஆயினும் குழந்தையின் உடலில் சுண்ணாம்புச் சத்து விரைந்து படிவதால் அது சில ஆண்டுகளிலேயே கல்லாகிவிடுகிறது. வளர்ந்தோரிடம் பதினைந்து ஆண்டு உழைப்பது சிறுவரிடம் பாதி நாளும் நில்லாமற் போகலாம்.

இதனாலேயே குழந்தையின் சொந்த வால்வைக் கூடியவரை காப்பாற்றும் கலை வளர்ந்தது. ஒட்டிய ஓரங்களைப் பிரித்தல், தடித்த இதழைச் சீவி மெலிதாக்குதல், நீண்ட நாணைச் சுருக்குதல், குறுகிய இதழுக்கு இதயத்தின் மேலுறையிலிருந்து ஒட்டுப் போடுதல், விரிந்த வாயிலுக்கு வளையம் தைத்தல் ஆகிய இவற்றைப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலென் கார்பெந்தியே முறைப்படுத்தினார். ருமாட்டிக் வால்வைச் செப்பனிடுதல் எளிதன்று. நோய் மறுபடி தாக்கினால் செப்பனிட்டதும் கெடும். செப்பனிட்ட வால்வு பத்து ஆண்டுகள் உழைத்தால், அதற்குள் குழந்தை வளர்ந்து, பெரிய அளவு வால்வை ஏற்கும் உடலைப் பெற்றுவிடும். அந்தப் பத்தாண்டு பெரும் பேறு.

மாற்றியே தீரவேண்டிய நிலையும் வரும். 1960இல் ஆல்பர்ட் ஸ்டாரும் லோவல் எட்வர்ட்சும் கூண்டுக்குள் பந்து அமைந்த வால்வை மிட்ரல் வாயிலிற் பொருத்தியது முதல் பலவகை வால்வுகள் தோன்றின. யாவும் அயல்நாட்டினின்று வந்தவை. விலையோ பெரும்பாலான இந்தியர்க்கு எட்டாதது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவரும் பொறியியலாரும் கூடிச் சொந்த வால்வு ஒன்றை ஆக்க முற்பட்டனர். நீலக்கல் படிகத் தகட்டைக் கூடச் சோதித்துக் கைவிட்டனர். முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை. நான்காவது மாதிரியில், கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகக் கூட்டில் உறுதிமிக்க பாலிஎத்திலீன் தகடு சாய்ந்து சாய்ந்து திறந்து மூடுமாறு அமைத்தனர். 1990 டிசம்பர் 6ஆம் நாள் அது முதன்முறை ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பெற்றது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனம் உற்பத்தியை ஏற்க, இன்று வரை ஒரு இலட்சத்திற்கு மேற்பட்டோர் அவ்வால்வைப் பெற்றுள்ளனர்.

வீடு திரும்பிய பின்

மார்பெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரமாகும். அதுவரை கனத்த புத்தகப் பை, தண்ணீர்க் குடம், சைக்கிள் ஆகியவை கூடா. பிறகு குழந்தை பள்ளிக்கு வரும், வர வேண்டும். ‘இதய நோயாளி’ என்று ஓரமாக உட்கார வைப்பது பலரும் அன்பினாற் செய்யும் தீங்கு. எந்த அளவு ஓடலாம், விளையாடலாம் என்பதை மருத்துவரின் சீட்டில் எழுதி வாங்கி, அந்த அளவுக்கு விளையாட விடுக.

இனி இப்பாடத்தின் முக்கியப் பகுதிக்கு வருவோம். வால்வைச் செப்பனிட்டாலும் மாற்றினாலும் ருமாட்டிக் நோய்க்கான தன்மை குழந்தையின் உடலை விட்டு நீங்குவதில்லை. இன்னொரு தொண்டை நோய் வந்தால் இன்னொரு தாக்குதல் வரலாம். அதனைத் தடுப்பது நீடித்த பெனிசிலின் என வழங்கும் பென்சதீன் பெனிசிலின் ஊசி. நம் நாட்டில் மூன்று வாரத்திற்கு ஒரு முறை போடுவது வழக்கம். எடை குறைந்த சிறு குழந்தைகளுக்கு அளவும் இடைவெளியும் மாறும். இதயம் தாக்கப்பட்ட குழந்தைக்குப் பத்து ஆண்டு அல்லது 25 வயது, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை இது தொடர வேண்டும். கடும் வால்வு நோய்க்கும் அறுவை ஆனவர்க்கும் 40 வயது வரையோ ஆயுள் முழுவதுமோ தொடர்வர். கணக்கிட்டுப் பாருங்கள். பத்து வயதில் தொடங்கி 25 வயது வரை மட்டும் என்றாலும் ஏறத்தாழ 260 ஊசிகள். ஒவ்வொன்றும் வலிப்பது. தவறிய ஊசிக்கு உடனே தண்டனை எதுவும் தெரிவதில்லை என்பதே இதிலுள்ள ஆபத்து. இரண்டு தவணை தவறியும் குழந்தை நன்றாகவே இருக்கக் கண்டு, தாய் மூன்றாவதையும் விட்டுவிடுகிறாள்.

இவ்வூசியின் பயனைப் பற்றி ஐயுறுவோர்க்கு ஒரு சான்று. உகாண்டா நாட்டில், வெளிக்குறி எதுவுமின்றி எக்கோ பரிசோதனையில் மட்டும் தெரிந்த ஆரம்ப வால்வு நோயுடைய 818 சிறுவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் மாதந்தோறும் ஊசி போட்டனர். இரண்டு ஆண்டு முடிவில் ஊசி பெற்றவருள் நோய் முற்றியது 0.8 சதவீதம், பெறாதவருள் 8.2 சதவீதம். 2022இல் வெளியான இம்முடிவு, நோயைத் தொடக்கத்திலேயே தேடிக் காண்பதன் மதிப்பையும் காட்டுகிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால சுவாஸ்திய காரியக்ரமத்தின் நடமாடும் குழுக்கள் பள்ளிகளில் தேட வேண்டிய நோய்களுள் ருமாட்டிக் இதய நோயும் ஒன்று. குழு வரும் நாளில், மேற்கூறிய குறிகளுள்ள பிள்ளையின் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் ஆசிரியரின் உதவி பெரிது; ஒரே நாளில் நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்புக்குத் தப்பும் முணுமுணுப்புகள் பல.

ஊசி போடுவோர்க்குச் சில சொற்கள். இம்மருந்து தடித்தது, ஊசித் துளையில் அடைபடும். கலக்கியவுடன், அகன்ற ஊசியால், மெதுவாகச் செலுத்துக. குழந்தை வெறும் வயிற்றில் வரலாகாது; தண்ணீர் குடிக்கச் செய்து, படுக்க வைத்துப் போடுவது நல்லது. பெனிசிலின் ஒவ்வாமை பற்றிய அச்சம் பலரை மறுக்கச் செய்கிறது. கடும் ஒவ்வாமை மிக அரிது; எனினும் முன்பு நேர்ந்த ஒவ்வாமையைக் கேட்டறிவதும், அட்ரினலின் மருந்தைக் கைவசம் வைத்திருப்பதும், ஊசிக்குப்பின் சிறிது நேரம் இருக்கச் செய்வதும் கடமையாகும். இதயம் மிகத் தளர்ந்த நிலையிலுள்ள சிலர்க்கு ஊசிக்கு மாறாக மாத்திரையே பாதுகாப்பானது என்று இதய மருத்துவர் முடிவு செய்யலாம். வார்ஃபரின் உண்ணும் குழந்தைக்குத் தசையிற் போடும் ஊசியால் இரத்தம் கட்டக்கூடும் என்பதால் அங்கும் அவர் சொல்லே முடிவு. ஊழியர் தாமாக நிறுத்துவதும் தாமாகத் தொடங்குவதும் ஆகாது.

வார்ஃபரின் அளவு குறைந்தால் வால்வு உறையும். மிகுந்தால் இரத்தம் கசியும். அதனால் இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைக் குறித்த நாளில் செய்ய வேண்டும். கீரை உண்ணலாகாது என்று பலர் முற்றிலும் விலக்கிவிடுகின்றனர், அது வேண்டாம். அளவு வாரந்தோறும் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருந்தாற் போதும். கடையில் தாமே வாங்கும் வலி மாத்திரைகளும், என்ன கலந்தது என்று அறியாத சூரணங்களும்தாம் உண்மையான ஆபத்து. உலோக வால்வுடைய குழந்தை அமைதியான அறையில் இருந்தால், மெல்லிய ‘டிக், டிக்’ ஓசை கேட்கும். வகுப்பிலுள்ள பிள்ளைகள் ‘கடிகாரம்’ என்று கேலி செய்வர். ஆசிரியர் அதைத் தடுத்தல் வேண்டும். தாய்க்கோ அவ்வோசை உதவியாகும். அது மங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, வாய் கோணினாலோ, கைகால் சோர்ந்தாலோ அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பல்லும் ஈறும் தூய்மையாக இருத்தலும் இக்குழந்தைகளுக்கு இதயச் சிகிச்சையின் ஒரு பகுதியே. சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் இறங்கி வால்விற் குடியேறக் கூடுமாதலால், பல் பிடுங்குமுன் வால்வு பற்றிய செய்தியைப் பல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. மகளின் மார்பிலுள்ள தழும்பை மறைத்துத் திருமணம் பேசும் பெற்றோர் உண்டு. புகுந்த வீட்டில் மாத்திரை உண்பதைக் கண்டால் கேள்வி எழும் என்று அஞ்சி அவளே அதை நிறுத்துவதும் உண்டு. உலோக வால்வுள்ள பெண்ணுக்கு அது உயிராபத்து. வார்ஃபரின் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது; அதனை நிறுத்தினால் தாயின் வால்வு உறையும். ஆகவே கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரின் ஆலோசனை தேவை. பதினாறு வயதிற் பள்ளியை விட்டு நிற்கும் பெண்ணிடம் இதைச் சொல்ல, அநேகமாக அவ்வூரின் சுகாதார ஊழியப் பெண்மணியைத் தவிர வேறொருவர் இரார். தாயையும் உடன் வைத்துக்கொண்டு, திருமணப் பேச்சு எழுமுன்பே சொல்லுதல் நலம்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. குழந்தையின் ஊர் சந்திரகிரிப் பக்கம். அறுவை நடந்தது வேலூரிலோ திருப்பதியிலோ. தந்தைக்கு வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. குடும்பம் ஆண்டில் ஒரு முறையேனும் மாநில எல்லையைக் கடக்கிறது. சீட்டு ஓரிடத்தில் தெலுங்கில், ஓரிடத்தில் தமிழில், இன்னோரிடத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். புதிய ஊரின் சுகாதார நிலையத்தில் இக்குழந்தையின் பெயரே இராது. ஆகவே ஒரு சிறு அட்டையை ஆக்கி வைத்துக்கொள்வது பயனுடையது. அதில் அறுவை நடந்த நாளும் மருத்துவமனையும், செப்பனிட்ட வால்வா மாற்றிய வால்வா என்பதும், மாற்றியதாயின் அதன் பெயரும் அளவும், பெனிசிலின் அளவும் கடைசி ஊசியின் தேதியும், வார்ஃபரின் அளவும் கடைசி ஐ.என்.ஆர். எண்ணும் இருத்தல் வேண்டும். பள்ளி மாறுகையில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோரிடம் அவ்வட்டையின் ஒரு பிரதியைச் சான்றிதழோடு சேர்த்தே கொடுத்துவிடலாம். அடுத்த ஊசி எந்தத் தேதியில் என்பதை அதன் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதிவிடுக.